சரிவகத்துக்குள் ஒரு சாப்பாட்டு மேசை: ஒரு வடிவத்தின் பெயர் வந்த வழி

நான்கு பக்கங்கள் கொண்ட வடிவங்களைப் பள்ளியில் படிக்கும்போது சதுரம், செவ்வகம், இணைகரம், சாய்சதுரம் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் சரிவகத்துக்கு வந்து சேர்கிறோம். ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைகள் அதையே ட்ரபீசியம் என்று படிக்கிறார்கள். இணைகரம் என்றால் பக்கங்கள் இணையாக இருக்கும் என்பதும், சாய்சதுரம் என்றால் சதுரம் சாய்ந்து நிற்கிறது என்பதும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் விளங்கிவிடுகின்றன. ட்ரபீசியம் என்ற சொல் மட்டும் ஏன், எதற்கு என்று தெரியாமலே மனப்பாடமாகி, தேர்வு முடிந்ததும் மறந்தும் போகிறது. அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் ‘சின்ன மேசை’ என்பதாகும். மேசைக்கும் இந்த வடிவத்துக்கும் என்ன உறவு, நம் நாட்டில் இதே வடிவத்தை என்னவென்று அழைத்தார்கள், அமெரிக்கப் புத்தகங்களில் மட்டும் ஏன் பெயர் மாறிக் கிடக்கிறது என்பவற்றை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

முதலில் வடிவத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். நான்கு பக்கங்களால் அடைபட்ட உருவம் நாற்கரம். அதில் எதிரெதிரான ஒரு சோடிப் பக்கங்கள் ஒன்றுக்கொன்று இணையாகவும், மற்ற சோடி இணையாக இல்லாமலும் இருந்தால் அது சரிவகம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தை நேர் எதிரே நின்று பார்த்தால், உச்சியில் உள்ள கலசங்களையும் அவற்றைத் தாங்கும் வளைந்த பகுதியையும் விட்டுவிட்டு, இடையில் அடுக்கடுக்காகக் குறுகிக்கொண்டே போகும் உடற்பகுதியின் புறக்கோடு ஏறக்குறைய ஒரு சரிவகமாகத் தெரியும். கரைகளைச் சரிவாக வெட்டிய கால்வாயின் குறுக்குவெட்டும் இதே வடிவந்தான்; அங்கே அகலமான பக்கம் மேலே இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. இணையான இரு பக்கங்களுக்கு இடையே உள்ள செங்குத்துத் தொலைவை உயரம் என்கிறோம். இணையில்லாத பக்கங்கள் இரண்டும் சம நீளமாக அமைந்தால் அதை இருசமபக்கச் சரிவகம் என்று பாடநூல் தனியாகப் பெயரிடுகிறது.

கிரேக்க மொழியில் மேசைக்கு ட்ரபேசா என்று பெயர். நான்கு என்று பொருள்படும் சொல்லும், கால் அல்லது பாதம் என்று பொருள்படும் சொல்லும் சேர்ந்து பிறந்தது அது; அதாவது, நாற்காலி என்று நாம் சொல்வதைப் போலவே அவர்களும் காலை எண்ணித்தான் அந்தத் தட்டுமுட்டுச் சாமானுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ட்ரபேசா சிறியதானால் ட்ரபேசியோன். அதுவே லத்தீனில் ட்ரபீசியம் ஆயிற்று. நாம் உட்காரும் பொருளுக்கு வைத்த பெயரும் அவர்கள் உண்ணும் பலகைக்கு வைத்த பெயரும் ஒரே கணக்கில் பிறந்திருப்பதைக் கவனித்தால், ஒரு கணிதச் சொல்லாகப் பயமுறுத்தியது திடீரென்று வீட்டுச் சொல்லாகிவிடுகிறது.

மேசை என்ற இந்தச் சொல் கணிதத்துக்கு வெளியேயும் நெடுந்தூரம் போயிருக்கிறது. பழங்காலக் கிரேக்க நகரங்களில் நாணயம் மாற்றிக் கொடுப்பவர்கள் சந்தையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து தொழில் செய்தார்கள். அதனால் மேசைக்கான சொல்லே அந்தத் தொழிலுக்கும் பெயராகி, இன்றைய கிரேக்க மொழியில் ட்ரபேசா என்றால் வங்கி என்று பொருளாகிவிட்டது. நம் ராஜாஜி சாலையில் வரிசையாக நிற்பவை போன்ற வங்கிக் கட்டடங்கள் ஏதென்ஸில் இருந்தால் அவற்றின் முகப்பில் ட்ரபேசா என்றுதான் பொறித்திருக்கும். எருசலேம் ஆலயத்தில் இயேசு கவிழ்த்ததாகச் சுவிசேஷம் சொல்வதும் இதே ட்ரபேசாக்களைத்தான்; தமிழ் விவிலியம் அவற்றைக் காசுக்காரருடைய பலகைகள் என்கிறது. இது கிரேக்கருக்கு மட்டும் நேர்ந்ததன்று. நாம் பேங்க் என்று சொல்லும் சொல்லும் இத்தாலிய மொழியில் பணம் மாற்றுபவர் போட்டிருந்த பலகையைக் குறித்த பாங்கோ என்பதிலிருந்து வந்ததே. கருங்கடல் கரையில், இன்றைய துருக்கியில் இருக்கும் டிராப்சோன் நகரின் பெயருக்கும் மூலம் இந்த மேசைதான்; மேசை போல மேற்புறம் தட்டையான குன்றின்மேல் எழுந்த ஊர் என்பதால் கிரேக்கர் அதை ட்ரபேசுஸ் என்று அழைத்தார்கள். சர்க்கஸில் பார் விளையாட்டுக்கு ட்ரபீஸ் என்று பெயர் வந்தது மேசையிலிருந்து நேராக அன்று, வடிவத்தின் வழியாக. தொங்கும் இரு கயிறுகளும், கீழே உள்ள கம்பியும், மேலே உள்ள விட்டமும் சேர்ந்து அடைக்கும் இடம் பிரெஞ்சுக்காரர்களின் கண்ணுக்குச் சரிவகமாகப் பட்டது.

இனிக் கணிதத்துக்குள் வருவோம். ட்ரபேசியோன் என்ற சொல்லை வடிவியலில் நிலைநிறுத்தியவர் கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்ளிட். ஆனால் அவர் அதற்குக் கொடுத்த பொருள் இன்று நாம் படிக்கும் பொருள் அன்று. ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் முதற்பகுதியில் 22ஆம் வரையறை நாற்கரங்களை வகைப்படுத்துகிறது. சமபக்கமும் செங்கோணமும் உடையது சதுரம்; செங்கோணம் இருந்து சமபக்கம் இல்லாதது நீள்சதுரம்; சமபக்கம் இருந்து செங்கோணம் இல்லாதது சாய்சதுரம்; எதிர்ப்பக்கங்களும் எதிர்க்கோணங்களும் சமமாக இருந்து மற்ற இரண்டு தன்மைகளும் இல்லாதது சாய்சதுரத்தை ஒத்தது. இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபின், இவை நீங்கலாக உள்ள நாற்கரங்கள் எல்லாவற்றையும் ட்ரபேசியா என்று அழைக்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அதாவது, யூக்ளிட்டின் பட்டியலில் இது ஒரு வடிவத்தின் பெயரே அன்று; எந்த வகையிலும் சேராமல் மிஞ்சிய நாற்கரங்களை எல்லாம் ஒன்றாகப் போட்டுவைத்த இடத்தின் பெயர். இணைப்பக்கம் என்ற பேச்சே அங்கு இல்லை. எப்படிப்பட்ட கோணல்மாணலான நாற்கரமும் அவருக்கு ட்ரபேசியோன்தான். ஆகவே, மேசையின் பலகை ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருந்ததால்தான் இந்தப் பெயர் வந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுவது பொருந்தாது. நாலு மூலையும் நாலு பக்கமும் உள்ள, வேறு பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத ஒரு பலகை என்ற அளவில்தான் அந்தப் பெயர் தொடக்கத்தில் நின்றது.

எஞ்சியவற்றின் கூட்டத்திலிருந்து நம் சரிவகத்தைத் தனியே பிரித்தெடுத்த செய்தி நமக்குக் கிடைப்பது, கி.பி. 5ஆம் நூற்றாண்டில் யூக்ளிட்டின் முதற்பகுதிக்கு உரை எழுதிய புரோக்ளஸ் வழியாக. அவர் நாற்கரங்களை இணைகரம், இணைகரம் அல்லாதவை என்று முதலில் இரண்டாகப் பிரிக்கிறார். பின்னதை மறுபடியும் இரண்டாக்கி, ஒரு சோடிப் பக்கங்கள் இணையாக உள்ளதை ட்ரபீசியம் என்றும், எந்தப் பக்கமும் இணையாக இல்லாததை ட்ரபிசாய்டு, அதாவது ட்ரபீசியத்தைப் போன்றது என்றும் பெயரிடுகிறார். இந்தப் பகுப்பைத் தமக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட தத்துவஞானி போசிடோனியஸின் பெயரில் சொல்கிறார். யூக்ளிட் எழுதிய நூல் உலகெங்கும் பரவியதால் மிஞ்சியவை என்ற பழைய பொருளும், உரை சொன்ன புதிய பொருளும் பல நூற்றாண்டுகள் ஒன்றாகவே உலவிக்கொண்டிருந்தன. 1551இல் ஆங்கிலத்தில் வடிவியல் நூல் எழுதிய ராபர்ட் ரெகார்டு (சமக்குறியை நமக்குக் கொடுத்தவர் இவரே) கிரேக்கச் சொல்லைத் தம் மக்களுக்குப் புரியவைக்க விரும்பி, அந்த வடிவங்களைப் பலகை வடிவங்கள் என்று ஆங்கிலப்படுத்திப் பார்த்தார். யூக்ளிட்டின் வழியில் மிஞ்சிய நாற்கரங்கள் அனைத்தையும் அவர் அந்தப் பெயருக்குள் அடக்கினார். அந்த முயற்சி பிழைக்கவில்லை. பிழைத்திருந்தால் இன்று நம் பிள்ளைகளும் அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தே படித்திருப்பார்கள்.

பிறகு நேர்ந்ததுதான் வேடிக்கை. இங்கிலாந்தில் ராணுவக் கல்விக்கூடம் ஒன்றின் கணிதப் பேராசிரியராக இருந்த சார்லஸ் ஹட்டன் 1795இல் வெளியிட்ட கணித அகராதியில் புரோக்ளஸின் இரண்டு பெயர்களும் இடம் மாறி அச்சாகிவிட்டன. ஒரு சோடி இணைப்பக்கம் உள்ளதற்கு ட்ரபிசாய்டு என்றும், எதுவும் இணையாக இல்லாததற்கு ட்ரபீசியம் என்றும் அது சொன்னது. அகராதியின் செல்வாக்கால் ஆங்கிலம் பேசும் நாடுகளில் இந்த வழக்கு வேரூன்றியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டன் பழைய முறைக்கே திரும்பிவிட்டது, அமெரிக்கா திரும்பவில்லை. பிரிட்டனின் பாடத்திட்டத்தைப் பின்பற்றி வளர்ந்த நம் பள்ளிகளில் சரிவகத்துக்கு ட்ரபீசியம் என்பதே நிலைத்தது. இதன் விளைவு, இன்று சென்னையில் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுக்குத் தயாராகும் மாணவர் கண்முன்னே இருக்கிறது. அவர் வகுப்பில் ட்ரபீசியம் என்று படித்த அதே வடிவம் அந்த வினாத்தாளில் ட்ரபிசாய்டு என்று வரும். பவர்பாயிண்ட் செயலியின் வடிவப் பட்டியலிலும் அது ட்ரபிசாய்டுதான். உடற்கூறியலில் இரண்டு பெயர்களும் அக்கம்பக்கமாகவே வாழ்கின்றன. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளில் கட்டைவிரலின் அடியில் இருப்பது ட்ரபீசியம், அதை ஒட்டி இருப்பது ட்ரபிசாய்டு. மருத்துவக் கல்லூரி மாணவர்கள் எது எது என்று குழம்புவதற்கு ஹட்டன் காரணமில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

மேலைநாட்டுப் பெயரின் கதை இவ்வளவு சுற்றிவளைத்துப் போக, இந்தியக் கணிதம் இந்த வடிவத்தின் உள்ளியல்பையே பெயராக வைத்தது. சமஸ்கிருத நூல்களில் இதற்கு ஒரு பெயர் சமலம்ப சதுர்புஜம். இந்தியில் இன்றும் சமலம்ப் என்றே சொல்கிறார்கள். லம்பம் என்றால் செங்குத்துக் கோடு. மேற்பக்கத்தின் இரண்டு முனைகளிலிருந்தும் அடிப்பக்கத்துக்கு இரண்டு செங்குத்துக் கோடுகளை இறக்குங்கள். இரண்டும் சம நீளமாக இருந்தால் மேற்பக்கம் அடிப்பக்கத்துக்கு இணையாக இருக்கிறது என்று பொருள். ஒன்று நீண்டு மற்றொன்று குறுகினால் மேற்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆகவே சமலம்பம் என்று சொன்னாலே இணைப்பக்கம் என்ற வரையறை முழுவதும் சொல்லப்பட்டுவிடுகிறது. அது மட்டுமன்றி, அதை நிலத்தில் எப்படிச் சோதிப்பது என்ற வழியும் பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கொத்தனார் நூலும் மூலைமட்டமும் கொண்டு ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய சோதனை அது. என் கணிப்பில், இந்த வடிவத்துக்கு உலகில் வைக்கப்பட்ட பெயர்களில் இதுவே மிகச் சிறந்தது.

சதுர்புஜம் என்பதில் உள்ள புஜம் கை. தமிழில் நாற்கரம், இணைகரம் என்பவற்றில் வரும் கரமும் அதே கைதான். கிரேக்கர் கால்களை எண்ணிய இடத்தில் இங்கே கைகளை எண்ணியிருக்கிறார்கள். இணையான பக்கங்கள் இரண்டையும் சமஸ்கிருதக் கணித நூல்கள் முகம், பூமி என்று அழைத்தன. சிறியதாக மேலே இருப்பது முகம். அகலமாகக் கீழே கிடப்பது பூமி. இந்தச் சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் மறுபடியும் ஒரு முகம் வரப்போகிறது.

இந்த வடிவத்தின் பரப்பளவைக் கண்டறியும் வழியும் இங்கே மிகப் பழையது. வேத வேள்விகளுக்கு மேடை அமைக்கும் முறையைச் சொல்லும் சுல்ப சூத்திரங்களில் சோமயாகத்துக்குரிய மகாவேதி என்ற மேடை இருசமபக்கச் சரிவகமாக விதிக்கப்பட்டிருக்கிறது. அதன் மேற்குப் பக்கம் 30 பதம் (பாதத்தை வைத்து அமைந்த பழைய நீள அளவு), கிழக்குப் பக்கம் 24 பதம், நீளம் 36 பதம். இதன் பரப்பு 972 சதுரப் பதம் என்று கூறும், சுல்ப சூத்திரங்களுள் ஒன்றை இயற்றிய ஆபஸ்தம்பர், அது எப்படி என்பதையும் காட்டுகிறார். ஒரு புறத்தில் பிதுங்கி நிற்கும் ஒடுங்கிய முக்கோணத்தை வெட்டியெடுத்து, தலைகீழாகத் திருப்பி மறுபுறத்தில் பொருத்தினால், மேடை 27 பதம் அகலமும் 36 பதம் நீளமும் கொண்ட செவ்வகமாகிவிடும். 27ஐ 36ஆல் பெருக்கினால் 972. இணைப்பக்கங்களின் கூட்டுத்தொகையில் பாதியை உயரத்தால் பெருக்க வேண்டும் என்ற விதியைப் பின்னர் ஆரியபட்டர் கி.பி. 499இல் எழுதிய தம் நூலின் கணிதப் பகுதியில் ஒரே செய்யுளுக்குள் தந்துவிட்டார். நம் பிள்ளைகள் ½ × h × (a + b) என்று எழுதுவது இதைத்தான்.

இந்த விதி தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதன்று என்பதற்குச் சென்னைப் புறநகரில் ஒரு மனைப்பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் போதும். சாலையின் வளைவையும் பழைய வரப்பின் போக்கையும் ஒட்டிப் பிரித்த மனைகள் பல, நேரான செவ்வகமாக அமைவதில்லை. எடுத்துக்காட்டாக, சொத்து விவரத்தில் கிழமேலடி வடபுறம் 52½, தென்புறம் 27½, தென்வடலடி கீழ்புறம் 60, மேல்புறம் 65 என்று ஒரு மனைக்கு எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வடக்கு எல்லையும் தெற்கு எல்லையும் இணையாகவும், கிழக்கு எல்லை அவற்றுக்குச் செங்குத்தாகவும், மேற்கு எல்லை மட்டும் சாய்வாகவும் உள்ள சரிவகம் இது. வடபுறத்தையும் தென்புறத்தையும் கூட்டினால் 80. அதில் பாதி 40. உயரம் 60 அடி. பரப்பு 2400 சதுர அடி, அதாவது மிகச் சரியாக ஒரு கிரவுண்டு. சாய்ந்த மேற்கு எல்லையின் நடுப்புள்ளி வழியாகத் தென்வடலாக ஒரு கோடு போட்டால், வடபாதியில் கோட்டுக்கு வெளியே ஒரு முக்கோணம் நீட்டிக்கொண்டிருப்பதையும், தென்பாதியில் அதே அளவு முக்கோணம் குறைவதையும் காணலாம். நீட்டிக்கொண்டிருப்பதை எடுத்துக் குறையில் வைத்தால் மனை 40க்கு 60 என்று வழக்கமான அளவுக்கு வந்துவிடும்.

இந்த இடத்தில் பலரும் ஒரு தவறான குறுக்குவழியில் போகிறார்கள். கிழமேலடி இரண்டையும் சராசரியாக்கி, தென்வடலடி இரண்டையும் சராசரியாக்கி, ஒன்றோடொன்று பெருக்கிவிடுகிறார்கள். மேலே சொன்ன மனைக்கு இப்படிச் செய்தால் 40ஐ 62½ஆல் பெருக்கி 2500 சதுர அடி வரும். இல்லாத 100 சதுர அடி காகிதத்தில் முளைத்துவிடுகிறது. சென்னையில் ஒரு சதுர அடி விற்கும் விலையில் அது சிறிய தொகை அன்று. இந்தக் குறுக்குவழிக்கு வயது மிகவும் அதிகம். எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில் பொறித்துள்ள நிலக்கொடைக் கணக்குகளும் இதே முறையில்தான் போடப்பட்டிருக்கின்றன. கி.பி. 628இல் எழுதிய பிரம்மகுப்தர் இதைத் தூலமான கணக்கு, அதாவது தோராயம் என்று தெளிவாகவே ஒதுக்கி, நுட்பமான கணக்குக்கு வேறு விதி தந்தார். இந்தத் தோராயம் எந்தக் காலத்திலும் உண்மையைவிடக் குறைவாக வராது. செவ்வகமாக இருந்தால் மட்டும் சரியாக வரும், மற்றபடி எப்போதும் கூடுதலாகவே காட்டும். விற்பவருக்கு மட்டுமே உதவும் கணக்கு என்று தெரிந்துகொள்வது நல்லது.

இப்படி ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகும் மனைக்கு நம் தரகர்களும் வாஸ்து பார்ப்பவர்களும் தமக்கென்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாலையை ஒட்டிய முன்பக்கம் குறுகி, பின்பக்கம் அகன்றால் கோமுக மனை. முன்பக்கம் அகன்று பின்பக்கம் குறுகினால் சிம்மமுக மனை. வீடு கட்ட முன்னது, கடை வைக்கப் பின்னது என்று சொல்வார்கள். அதன் பலனைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. மேலே எழுதிய மனையே சாலை தெற்கில் வந்தால் பசுவாகவும் வடக்கில் வந்தால் சிங்கமாகவும் ஆகிவிடும் என்பதையும், இரண்டு நிலையிலும் பரப்பு 2400தான் என்பதையும் மட்டும் கவனிக்கலாம். ஆனால் வடிவத்தின் பெயர் என்ற முறையில் கோமுகம் வியப்பூட்டுவது. யூக்ளிட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இன்றைய ஈராக்கில் களிமண் பலகைகளில் கணக்கு எழுதிய பாபிலோனிய எழுத்தர்கள் சரிவகத்தை சக்-கி-குட் என்ற சுமேரியச் சொல்லால் குறித்தார்கள். அதற்கு மாட்டின் நெற்றி என்று பொருள். கொம்புகளுக்கு இடையே அகன்று, மூக்கை நோக்கிக் குறுகிவரும் மாட்டு முகத்தை நேரே பார்த்தவர்கள் யாருக்கும் அந்தப் பெயர் பொருத்தமாகத் தோன்றும். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மாடு வளர்த்த இரண்டு நாட்டு மக்களின் கண்ணில் ஒரே வடிவம் ஒரே விலங்காகத் தெரிந்திருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

பாபிலோனியர் இந்த மாட்டு நெற்றியை நிலத்தோடு விட்டுவிடவில்லை. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள களிமண் பலகைகள் சிலவற்றை ஆராய்ந்த மத்தியூ ஓசன்டிரைவர், கி.மு. 350க்கும் 50க்கும் இடையில் எழுதப்பட்ட அந்தப் பலகைகளில் வியாழன் கோள் வானில் நகர்ந்த தொலைவைச் சரிவகத்தின் பரப்பாகக் கணக்கிட்டிருப்பதை 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். கணக்கு இதுதான்: வியாழன் முதல்நாள் 12 கலை நகர்கிறது (60 கலை ஒரு பாகை), வேகம் சீராகக் குறைந்து 60ஆம் நாளில் 9½ கலையாகிறது. நாட்களைக் கிடையாகவும் வேகத்தைச் செங்குத்தாகவும் வரைந்தால், ஒரு புறம் 12, மறுபுறம் 9½, இடைவெளி 60 என்று ஒரு சரிவகம் கிடைக்கும். 12ஐயும் 9½ஐயும் கூட்டிப் பாதியாக்கி 60ஆல் பெருக்கினால் 645 கலை, அதாவது 10 பாகை 45 கலை. கோள் நகர்ந்த மொத்தத் தொலைவு அதுவே. ஐரோப்பாவில் இந்த எண்ணம் 14ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது என்று அதுவரை கருதப்பட்டுவந்தது. ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் வேக-நேர வரைபடத்தின் அடிப்பரப்பைக் கண்டுபிடிக்கும் பிள்ளைகள் செய்வதும் இதே வேலைதான்.

நம் சரிவகம் என்ற பெயருக்கு வருவோம். செவ்வகம் என்பதில் செம்மை, அதாவது நேர்மை, முன்னே நின்று அகம் பின்னே நிற்கிறது. அதே அச்சில் சரிவு முன்னே நின்று சரிவகம் அமைந்திருக்கிறது. பக்கங்கள் சரிந்து அடைக்கும் உட்பரப்பு என்று விரித்துக்கொள்ளலாம். அரபு மொழியும் இதே வழியில்தான் சிந்தித்தது. யூக்ளிட்டின் ட்ரபேசியாவை அரபு நூல்கள் முன்ஹரிஃப் என்றன. சாய்ந்தது, நேரிலிருந்து விலகியது என்று பொருள். இன்றைய அரபுப் பாடநூல்களில் சரிவகத்துக்கு ஷிப்ஹ் முன்ஹரிஃப், அதாவது முன்ஹரிஃபை ஒத்தது என்று பெயர். சரிவகம் என்ற சொல் செவ்வகத்தோடு சேர்த்துச் சொல்லும்போது காதுக்கு இனிமையாக இருக்கிறது. படிப்பவர் மனத்தில் உருவத்தையும் எழுப்பிவிடுகிறது. அதன் குறை, இணைப்பக்கத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாததுதான். இணைகரத்தின் பக்கங்களும் சரிந்தே இருக்கின்றன. அதை ஏன் சரிவகம் என்று அழைக்கவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால் பெயரைக் காட்டி விடை சொல்ல முடியாது.

அந்தக் கேள்வி உண்மையில் பெயரைத் தாண்டிய கேள்வி. கணித ஆசிரியர்களுக்குள்ளேயே இன்னும் முழுமையாக முடியாதது. சரிவகத்தில் ஒரு சோடிப் பக்கங்கள் இணை என்கிறோம். ஒரே ஒரு சோடி மட்டும் என்று பொருள்கொண்டால் இணைகரம் சரிவகம் ஆகாது. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் தந்த வரையறை இந்த வழியைச் சேர்ந்தது. குறைந்தது ஒரு சோடி என்று பொருள்கொண்டால் இணைகரம், செவ்வகம், சதுரம் எல்லாமே சரிவகத்தின் சிறப்பு வகைகளாகிவிடும். யூக்ளிட் முதல் வழியினர். சதுரத்தை நீள்சதுரத்தில் சேர்க்காமல் தனியே வைத்தவர் அவர். இன்றைய கணிதத்தில் இரண்டாம் வழிக்கே ஆதரவு கூடிவருகிறது. அதற்கு ஒரு நல்ல காரணம் பரப்பளவு விதியிலேயே இருக்கிறது. இணைப்பக்கங்கள் இரண்டும் சமமானால், அவற்றின் கூட்டுத்தொகையில் பாதி அதே பக்கமாகிவிடும். அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கும் இணைகரத்தின் விதி தானாகவே கிடைக்கும். மேற்பக்கத்தைக் குறுக்கிக்கொண்டே போய் ஒரு புள்ளியாக்கிவிட்டால் அதன் நீளம் சுழியாகும். அடிப்பக்கத்தின் பாதியை உயரத்தால் பெருக்கும் முக்கோணத்தின் விதி வந்து நிற்கும். மூன்று வடிவங்களுக்கு மூன்று விதிகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்யும் மாணவர், சரிவகத்தின் விதி ஒன்றை மட்டும் புரிந்துகொண்டு மற்ற இரண்டையும் தேர்வு அறையிலேயே எழுதி எடுத்துக்கொள்ள முடியும்.